வழித்துணை

நெடுவழி செல்வோர்க்கு ஒரு துணை வேண்டும் என்பது நம்மவரிடையே தொன்றுதொட்டு நிலவிவரும் எண்ணம். காட்டுவழியிலும் மலைவழியிலும் மக்கள் கால்நடையாய்ச் சென்ற காலத்தில் கள்வரும் விலங்கும் இருளும் அச்சத்தை விளைத்தன. ஆகவே சிலர் தெய்வமே வழித்துணை என்றனர். சிலர் தாயத்தைக் கட்டிக்கொண்டனர். அறிவுடைய தாய்மாரோ பேச்சைக் குறைத்துக் கட்டுச்சோற்றைக் கட்டிக் கொடுத்தனுப்பினர். இம்மூன்றனுள் வழியிற் பசித்தவனுக்கு உதவியது எது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்நாளில் வழியும் மாறிற்று, வண்டியும் மாறிற்று. வழித்துணையைப் பற்றிய நம் எண்ணம் மட்டும் மாறியதாகத் தோன்றவில்லை. புதிதாய் வாங்கிய மோட்டார் வண்டியின் நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம் பழத்தை வைத்து நசுக்குகிறோம். முகப்பில் மிளகாயைக் கோத்துத் தொங்கவிடுகிறோம். நல்ல நேரம் பார்த்துப் புறப்படுகிறோம். அதே வண்டி நள்ளிரவில் ஒரு காட்டோரத்தில் அசையாமல் நின்றுவிட்டால் அதை எழுப்புவதற்கு நம் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறோம். இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடையாய் அமைந்த ஒரு சிறு பெட்டியைப் பற்றியது. தடித்த புத்தகம் ஒன்றன் அளவே உடைய அப்பெட்டியைக் கடைகளில் ‘ஜம்ப் ஸ்டார்ட்டர்’ என்று சொல்லி விற்கிறார்கள். வண்டியின் பாட்டரி மின்சாரம் தீர்ந்து சோர்ந்து கிடக்கும்போது, வேறொரு வண்டியின் உதவியின்றி அதன் இஞ்சினைக் கிளப்புவது அப்பெட்டியின் வேலை.

எல்லா வண்டிக்கும் இது வேண்டியதே எனினும், ‘கேம்பர்வேன்’ என்னும் இல்ல வேனுக்கு இது மிக வேண்டியது. பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றி, படுக்கையும் அடுப்பும் சிறிய ஐஸ்பெட்டியும் காற்றாடியும் விளக்கும் அமைத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் மலேசியாவில் பரவி வருகிறது. நம் மக்களிலும் சிலர் இதில் இறங்கியிருக்கின்றனர். நானும் என் மனைவியும் என் தாயாரும் அத்தகைய வேன் ஒன்றில் கேமரன் மலைக்கும் திரெங்கானுக் கடற்கரைக்கும் பலமுறை சென்று வந்திருக்கிறோம். தோட்டத்து லயத்தின் ஓர் அறையிலும் ஒரு திண்ணையிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த என் தாயாருக்கு, தாம் விரும்பிய இடத்தில் வீட்டை நிறுத்தித் தாம் விரும்பிய நேரத்தில் எழுந்து புறப்படுவதில் உள்ள மகிழ்ச்சியை வேறு எவராலும் அளக்க முடியாது. இதை வெறும் பொழுதுபோக்கென்று நான் கருதுவதில்லை. தடையின்றி நடமாடுவது உரிமை பெற்ற மனிதனின் அடையாளங்களுள் ஒன்றன்றோ?

அந்த நடமாட்டத்திற்குத் தடை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வேன் ஓடும்போது இஞ்சின் தானே மின்சாரத்தை உண்டாக்கிப் பாட்டரியை நிரப்பிக்கொண்டே செல்கிறது. வேன் நின்றுவிட்டாலோ வரவில்லை, செலவு மட்டுமே உண்டு. சாதாரணமாய் ஒரு வேனில் உள்ள பாட்டரியின் கொள்ளளவு 60 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். மாலை எட்டு மணிக்கு இஞ்சினை நிறுத்துகிறோம். ஐஸ்பெட்டி சராசரியாய் 3 ஆம்பியர் உண்ணுகிறது. பத்து மணி நேரத்தில் 30. காற்றாடி ஒன்றரை ஆம்பியர்; பத்து மணி நேரத்தில் 15. விளக்குகளும் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றுவதும் சேர்ந்து ஓர் 5. ஆக, காலை ஆறு மணிக்குள் 50 போய்விடுகிறது. மீதி 10 இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பத்தால் விளக்கு மங்கலாய் எரியும்; இஞ்சின் கிளம்பாது.

அது ஏன் என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றத்தக்க பாட்டரியை 1859ஆம் ஆண்டில் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டுபிடித்தார். இன்றும் நம் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த இனமே. ஆறு அறைகள் சேர்ந்து, நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் அது ஏறக்குறைய வெறுமை என்றே கொள்ளவேண்டும். இஞ்சினை முதன்முதலாய்ச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஒரே மூச்சில் 150, 200 ஆம்பியர் கேட்கும். டீசல் வேனாயின் இன்னும் மிகுதியாய்க் கேட்கும். சோர்ந்த பாட்டரியால் அந்த வேகத்திற் கொடுக்க இயலாது. சாவியைத் திருகினால் ‘டக், டக்’ என்ற ஓசை மட்டும் கேட்கும்.

இதற்கு முறையான பரிகாரம், இஞ்சினுக்கு ஒரு பாட்டரியும் இல்லத்துக்கு ஒரு பாட்டரியும் தனித்தனியே வைத்து, ஒன்றன் செலவு மற்றொன்றைத் தொடாதபடி பிரித்துவிடுவதேயாகும். வசதியுள்ளோர் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் சிக்கனமாய் அமைத்த பல வேன்களில் ஒரே பாட்டரிதான் இரண்டு வேலையையும் செய்கிறது. இரண்டு இருந்தாலும், இஞ்சின் பாட்டரிக்கு வயதாகாமல் இருப்பதில்லை. நம் நாட்டின் வெப்பமோ அதன் ஆயுளைக் குறைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அது களைத்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். நேற்று வரை ஒழுங்காய்க் கிளம்பிய வண்டி இன்று காலை கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. எதிரே வந்த பூனையன்று.

பாட்டரியைக் கொண்டு இஞ்சினைக் கிளப்பும் முறை தோன்றுவதற்கு முன் மனிதனின் கையும் தோளுமே அவ்வேலையைச் செய்தன. வண்டியின் முன்னே ஒரு கைப்பிடிக் கம்பியைச் செருகிச் சுழற்றுவார்கள். இஞ்சின் பின்னோக்கி உதைத்துவிட்டால் மணிக்கட்டு முறிந்துபோகும். சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டில் கேடிலாக் வண்டிகளில் அமைந்த பின்னரே அந்தத் துன்பம் படிப்படியாய் நீங்கியது. எனினும் நெடுங்காலம் வரை பல பிரிட்டிஷ் வண்டிகளில் அக்கைப்பிடிக் கம்பி உடன் வந்துகொண்டிருந்தது. கம்பியும் உதவாதபோது தோள் உதவியது.

அந்தத் தோள் யாருடையது என்பதை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1950ஆம் ஆண்டுகளில் அவர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில், மழை பெய்த இரவுக்கு மறுநாட் காலையில், துரையின் கார் கிளம்ப மறுப்பது வழக்கமாம். பெரட்டுக் களத்தில் நிற்கும் ஆட்களுள் நால்வரைக் கங்காணி கைகாட்டி அழைப்பார். பங்களாவின் வாயிலிலிருந்து சரிவு வரையில் அவர்கள் காரைத் தள்ளவேண்டும். இஞ்சின் உறுமியதும் கார் அவர்கள்மேல் புகையைக் கக்கிவிட்டுப் போய்விடும். அந்த நால்வரும் அதன் பிறகே தங்கள் நிரைக்குச் செல்வார்கள். வெயில் ஏற ஏற மரத்தில் பால் குறையும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர் எல்லாரும் அறிந்தது. காரைத் தள்ளிய நாளில் பால் குறைந்ததற்கு அந்த ஆளே பொறுப்பு. இதைச் சொல்லும்போது என் தந்தையார் சினங்கொண்டதில்லை. “அப்போ வண்டிக்குப் பாட்டரி நாங்கதான்” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் சிரிப்பென்று எண்ணியதேயில்லை.

இன்று அந்தத் தோளுக்கும் வேலையில்லாமற் போய்விட்டது. கையால் கியர் மாற்றும் வண்டியில் சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் நேரான பிணைப்பு உண்டு. வண்டியைத் தள்ளினால் சக்கரம் சுழன்று இஞ்சினையும் சுழற்றும். தானாகவே கியர் மாறும் வண்டியில் எண்ணெயின் ஓட்டமே இடையில் நின்று இரண்டையும் இணைக்கிறது. இஞ்சின் ஓடாதபோது அந்த இணைப்பு நிகழ்வதில்லை. நாற்பது பேர் சேர்ந்து தள்ளினாலும் வண்டி நகருமேயன்றி இஞ்சின் கிளம்பாது. ஆகலின் ஆள்பலத்தை நம்பியிருந்த காலம் முடிந்தது. மற்றொரு வண்டியை அருகே நிறுத்தி, இரண்டு கம்பிகளால் பாட்டரியோடு பாட்டரியை இணைப்பது அடுத்த வழி. நகரத்தில் அது எளிது. ஊருக்கு வெளியே, ஆற்றோரத்திலோ ஏரிக்கரையிலோ தங்குவதற்காகவே செல்லும் வேனுக்கு அந்த மற்றொரு வண்டி எங்கிருந்து வரும்?

இவ்விடத்தில்தான் அந்தச் சிறு பெட்டி வருகிறது. அதனுள் இருப்பது ஈயமன்று. கைப்பேசியில் உள்ளதைப் போன்ற லித்தியம் கலங்கள். இவ்வகைக் கலங்கள் 1991ஆம் ஆண்டில் முதன்முதலாய் விற்பனைக்கு வந்தன. அவற்றை உருவாக்கிய ஆராய்ச்சிக்காக 2019ஆம் ஆண்டில் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மூன்று அல்லது நான்கு கலங்களை வரிசையாய்ச் சேர்த்தால் வண்டியின் பாட்டரிக்கு ஒத்த வோல்ட் அளவு கிடைத்துவிடும்.

இத்தனை சிறிய பெட்டி அத்தனை பெரிய இஞ்சினை எவ்வாறு கிளப்பும் என்று ஐயுறுவோர் பலர். நானும் கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே தெளிந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் கேட்கிறது என்பது மெய். ஆனால் மூன்று விநாடிக்குத்தான் கேட்கிறது. அதை மணிக்கணக்கில் மாற்றினால் ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்கு. 60 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் அது 360இல் ஒரு பங்கே. இஞ்சினைக் கிளப்புவதற்கு வேண்டுவது பெருஞ்சேமிப்பன்று. தக்க கணத்தில் தயங்காமற் கொடுக்கவல்ல சிறு சேமிப்பேயாகும். கிளம்பிவிட்டபின் இஞ்சின் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இப்பெட்டியை நான் வாங்கி வந்த நாளில் என் தாயார் முகஞ்சுளித்தார். “கிளம்பும்போதே வண்டி நின்னு போகும்னு நினைச்சு ஒரு சாமானை எடுத்து வைக்கலாமாப்பா? வாய்ச்சொல்லு பலிச்சிடும்” என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பெட்டியை இருக்கையின் கீழ் வைத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது அவர் ஒருவரின் கருத்தன்று என்பதை எண்ணிப் பார்த்தேன். நம் குடும்பங்களில் உயில் எழுதினால் சாவு வரும் என்கிறார்கள். காப்புறுதி எடுத்தால் நோய் வரும் என்கிறார்கள். கெட்டதைப் பேசினால் கெட்டது நடக்கும் என்கிறார்கள். இதன் விளைவாய், கெட்டது நடக்கும் நாளில் நம் கையில் ஒன்றும் இருப்பதில்லை.

சென்ற ஆண்டில் கிரீக்குக்கும் ஜெலிக்கும் இடையேயுள்ள கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாய்ச் சென்றோம். 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சாலை பெரும்பாலும் அடர்ந்த காட்டினூடே செல்வது. யானைகள் குறுக்கிடும் சாலை. பல இடங்களிற் கைப்பேசி அலை எட்டுவது அரிது. கிரீக்கிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தெமெங்கோர் ஏரியின் கரையோரமாய் ஒரு திட்டில் இரவு தங்கினோம். எங்களுக்கு முன்னே, சாலைக்கு ஏறும் குறுகிய மண்வழியின் தொடக்கத்தில், ஒரு மலாய்க் குடும்பம் தன் வேனை நிறுத்தியிருந்தது. சற்றுத் தள்ளிப் படகில் மீன்பிடிக்க வந்த சீன இளைஞர் இருவர் கூடாரம் அடித்திருந்தனர். வேறு மனித நடமாட்டம் இல்லை.

இரவு இரண்டு மணியளவில் எங்கள் வேனின் கதவை யாரோ தட்டினார்கள். அந்தக் குடும்பத்துத் தலைவர் நின்றிருந்தார். அவர்தம் ஆறு வயது மகளுக்கு மூச்சிரைப்பு, கையிலிருந்த மருந்துக்குழல் தீர்ந்துவிட்டது, வேனோ கிளம்பவில்லை. மாலையிலிருந்து ஐஸ்பெட்டியும் காற்றாடியும் அதன் ஒற்றைப் பாட்டரியை உண்டு தீர்த்துவிட்டன. குழந்தையை எங்கள் வேனில் ஏற்றிச் செல்லலாம் என்று எழுந்தேன். ஆனால் எங்கள் வழியை அவர்தம் வேனே மறித்து நின்றது; ஒருபுறம் பாறை, மறுபுறம் சரிவு. இரண்டு வேன்களையும் கம்பியால் இணைக்கலாமெனினும், அவர் வேனின் முகப்பு அப்பால் நோக்கி நின்றதால் எந்தக் கம்பியும் எட்டாது. இளைஞர் இருவரும் ஓடி வந்தனர். நால்வருமாய்ச் சமதரையில் அந்த வேனைப் பத்தடி தள்ளினோம். தானியங்கிக் கியர் வண்டி அது. பயனில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மகள் மூச்சுக்குத் தவிக்கும் தகப்பனிடம், ‘தள்ளாதீர்’ என்று அக்கணத்தில் எவரால் சொல்ல முடியும்? என் தோள் அந்த வண்டியின் பின்புறத்தில் பதிந்தபோது என் தந்தையாரின் நினைவு வந்தது.

பின்னர்ப் பெட்டியை எடுத்து வந்தேன். என் தாயார் தாமாகவே டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கிவந்து பானெட்டின் அருகே நின்றார். சிவப்புக் கவ்வியைப் பாட்டரியின் கூட்டல் முனையிலும், கறுப்புக் கவ்வியை இஞ்சினின் பூச்சில்லாத இரும்பிலும் பொருத்தினேன். முதன்முறை சாவியைத் திருகியபோது இஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. ஒரு நிமிடம் காத்திருந்தோம். அந்த ஒரு நிமிடத்தில் வேனுக்குள்ளிருந்து குழந்தையின் மூச்சொலி மட்டுமே கேட்டது. என் தாயார் கையிலிருந்த விளக்கு ஆடவில்லை. இரண்டாம் முறை இஞ்சின் உறுமிக் கிளம்பிற்று. அவர்கள் கிரீக் மருத்துவமனையை நோக்கி விரைந்தனர். மறுநாட் பிற்பகலில் நாங்கள் ஊர்ப்பக்கம் வந்து கைப்பேசி அலை கிடைத்தபோது, குழந்தை நலமாயிருக்கிறாள் என்ற செய்தி காத்திருந்தது.

அதன் பிறகு என் தாயார் அப்பெட்டியைப் பற்றிச் சகுனம் பேசியதில்லை. அடுத்த பயணத்திற்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருக்கும்போது, “அந்தப் பெட்டிக்குக் கரண்டு ஏத்தியாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியிற் பினாங்கில் வந்திறங்கி நம் மக்களிடையே பகுத்தறிவைப் பேசி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னமும் நாம் நேர்வது எல்லாவற்றையும் நேரத்தின்மேல் ஏற்றிப் பேசுவது ஏன்? எலுமிச்சம் பழம் நசுக்குவோரை ஏளனஞ்செய்ய நான் இதை எழுதவில்லை. அவர்களும் தம் குடும்பம் நலமாய்த் திரும்பவேண்டும் என்ற அன்பினாலேயே அதைச் செய்கின்றனர். ஆனால் அன்பு மட்டும் இஞ்சினைக் கிளப்பாது. வழியிற் பசி வரும் என்று எதிர்பார்த்துக் கட்டுச்சோறு கட்டுவதை எவரும் அபசகுனம் என்று சொன்னதில்லை. அவ்வாறாயின் பாட்டரி சோரும் என்று எதிர்பார்த்து ஒரு பெட்டியை எடுத்து வைப்பது மட்டும் எப்படி அபசகுனமாகும்? பசிக்குக் காரணம் உண்டு; பாட்டரியின் சோர்வுக்கும் காரணம் உண்டு. காரணத்தை அறிந்தவன் முன்னேற்பாடு செய்கிறான்; அறியாதவன் அஞ்சுகிறான்.

இனி, இப்பெட்டியை வாங்க நினைப்போர்க்குச் சில வார்த்தைகள். பெட்டியின்மேல் 1000, 2000 என்று பெரிதாய் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண்ணைக் கண்டு மயங்கவேண்டா. அது ஒரு கணத்தில் எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து கொடுக்கும் அளவு அதனினும் குறைவு. உங்கள் இஞ்சின் பெட்ரோலா டீசலா, எத்தனை லிட்டர் என்பதைச் சொல்லி, அதற்கு ஏற்றதெனத் தயாரிப்பாளர் குறித்திருப்பதையே வாங்குதல் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பெட்டியை இருபத்துநான்கு வோல்ட் லாரியிற் பொருத்துதல் கூடாது. கவ்விகளை மாற்றிப் பொருத்தினால் மின்சாரத்தைத் தடுத்துக் காக்கும் அமைப்பு உள்ளதா என்றும் பார்க்கவேண்டும். பாட்டரி முற்றும் வெறுமையாகிவிட்டால் சில பெட்டிகள் அதை அறியமாட்டாமல் வாளாவிருக்கும். அப்போது அழுத்துவதற்கென ஒரு தனிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தும்போது அந்தக் காப்பு நீங்கிவிடுவதால், கவ்விகள் சரியாய் உள்ளனவா என்று இருமுறை பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பொருத்தும்போது பாட்டரியின் அருகே நெருப்போ புகையிலையோ கூடாது. அதிலிருந்து எரியும் வாயு கசியக்கூடும். இஞ்சினை ஒருமுறைக்கு மூன்று, நான்கு விநாடிகளுக்கு மேல் சுழற்றுதல் கூடாது. இடையே அரை நிமிடமேனும் ஓய்வு கொடுக்கவேண்டும். இஞ்சின் கிளம்பியதும் முதலிற் கறுப்பையும் பின்னர்ச் சிவப்பையும் கழற்றி, கவ்விகள் ஒன்றையொன்று தொடாமல் வைக்கவேண்டும். வண்டி கிளம்பிவிட்டது என்பதனால் பாட்டரி பிழைத்துவிட்டது என்று எண்ணலாகாது. அரைமணி நேர ஓட்டத்தில் அது நிரம்பாது. வீடு சேர்ந்ததும் முறையாய் மின்சாரம் ஏற்றி, பட்டறையிற் கொடுத்துச் சோதித்துக்கொள்ளவேண்டும். பலமுறை வெறுமையான ஈயப் பாட்டரி தன் பழைய வலிமைக்குத் திரும்புவதில்லை.

பெட்டிக்கும் பகை உண்டு, அது வெப்பம். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியினுள் வெப்பம் 50 பாகையையும் தாண்டிவிடும். கண்ணாடியின் கீழ் இன்னும் மிகும். அங்கே லித்தியம் கலத்தை வைத்தல் பெருந்தவறு. இருக்கையின் கீழ் நிழலான இடத்தில் வைக்கவேண்டும். நெடுநேரம் வண்டியை வெயிலில் நிறுத்துவதாயின் கையோடு எடுத்துச் செல்வதே நன்று. வீங்கிய பெட்டியைத் தயங்காமல் விலக்கவேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதன் மின்சார அளவைப் பார்த்து நிரப்பவேண்டும். இது மறக்கத்தகாதது. பிறரை எழுப்ப வேண்டிய பெட்டியே உறங்கிவிட்டால், அது எலுமிச்சம் பழத்தினும் பயனற்றது. பழத்தைப் பிழிந்தேனும் குடிக்கலாம்.

முன்னரே மின்சாரம் ஏற்றவேண்டாத மற்றொரு வகையும் உண்டு. அதில் லித்தியம் கலத்துக்குப் பதிலாய்க் கெப்பாசிட்டர் என்னும் கொள்கலன்கள் இருக்கும். சோர்ந்த பாட்டரியில் எஞ்சியுள்ள சிறு மின்சாரத்தையே அது சில நிமிடங்களிற் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்து, ஒரே மூச்சில் திருப்பிக் கொடுக்கும். இஞ்சினைக் கிளப்பமாட்டாமல் கிடந்த அந்தப் பத்து ஆம்பியர்-மணியை நினைவுகூர்க. அந்த வலிமை இல்லாமற் போகவில்லை. ஒன்றுதிரட்டுவார் இன்றிச் சிதறிக் கிடந்தது, அவ்வளவே.

இதனை எழுதும்போது நம் மக்களின் வரலாற்றில் ஒன்று நினைவுக்கு வராமற் போகவில்லை. பெருந்தோட்டங்கள் துண்டுதுண்டாய் விற்கப்பட்டு நம்மவர் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியோர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைத் திரட்டியே அச்சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. ஒருவர் கையில் ஒன்றுக்கும் பற்றாத தொகை, முன்கூட்டியே சேர்த்து வைத்ததனால், வேண்டிய வேளையிற் பெருவலிமையாயிற்று.

பெண்களுக்கும் ஒரு சொல். இப்பெட்டியைக் கையாளுவதற்கு உடல்வலிமை வேண்டுவதில்லை. ஒரு கிலோ எடையைத் தூக்கவும் இரண்டு நிறங்களைப் பிரித்தறியவும் தெரிந்தால் போதும். வண்டி நின்றுவிட்டால் ஆண் துணைக்குக் காத்திருந்த காலம் தோளால் தள்ளிய காலத்தோடு போயிற்று. என் மனைவி இதைக் கற்றுக்கொண்டாள். எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் எந்தக் கவ்வி எங்கே என்று சொல்லுவார். உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் மகளுக்கும் மருமகளுக்கும் வண்டியின் சாவியோடு இதையும் கொடுத்து, ஒருமுறை வீட்டு வாயிலிலேயே செய்துபார்க்கச் சொல்லுங்கள். இருளில் முதன்முதலாய்க் கற்பது கடினம்.

பிறரை நம்பாமல் தனித்து வாழவேண்டும் என்பது என் கருத்தன்று. அன்றிரவு ஏரிக்கரையில் படகிலிருந்து ஓடிவந்த அவ்விளைஞர்களின் நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நால்வரின் நல்லெண்ணமும் பத்தடி தூரமே அந்த வேனை நகர்த்தியது. நல்லெண்ணத்தோடு ஆயத்தமும் சேர்ந்தபோதே குழந்தை மருத்துவமனை சேர்ந்தாள். நம் தந்தையர் பிறர் வண்டியைத் தள்ளினார்கள். அதற்கு அவர்கள் ஒரு நன்றியும் பெறவில்லை. நாம் நம் வண்டியையும் கிளப்பிக்கொண்டு, வழியில் நிற்கும் எவருடைய வண்டியையும், இனமும் மதமும் கேளாமல், கிளப்பிவிடத் தக்க நிலைக்கு வந்திருக்கிறோம். அந்நிலையைக் காத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, ஒரு பெட்டியின் விலையும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதற்கு மின்சாரம் ஏற்றும் நினைவுமேயாம். அடுத்த பயணத்துக்கு நாள் பார்ப்போர் நாள் பார்க்கட்டும். அதற்கு முன் பெட்டியின் விளக்கு எத்தனை புள்ளி காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் புறப்படுவார்களாக.